திங்கட்கிழமைச் சோதனை

வாழைச் சருகைச் சாக்கில் அடைப்பதென்றால் அது மொறுமொறுவென்று காய்ந்துவிடவும் கூடாது, பச்சை மணம் மிச்சம் இருக்கவும் கூடாது. மொறுமொறுத்துப் போனால் நாலு நாளில் தூளாகிவிடும். ஈரம் இருந்தால் பூரான் குடியேறிவிடும். இரண்டு வருடப் பழக்கத்தில் தியாகராசாவுக்கு இது கைவந்திருந்தது. நீர்வேலியில் வாழைத் தோட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பெட்டைகள் குத்துக்கரணம் போட்டு விழுவதற்கென்று சருகு காயவைத்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லாம் தங்கச்சி பாலேஸ்வரிக்காக. அவள் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.ரி. ரீச்சர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு சவர்க்காரம், பற்றரி, யூரியா, மண்ணெண்ணெய் எல்லாமே யாழ்ப்பாணத்துக்குள் வருவது நின்றுபோன காலம். அந்த நேரத்தில் ஸ்பொஞ்சு மெத்தை வேண்டுமென்று கேட்க யாருக்கு வாய் வரும்? யூரியா வந்த காலத்து உரப்பைகளைக் கழுவி, சருகை அடைத்து, சாக்கூசியால் மூட்டி, மெத்தையாக்கிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்குவார். மாதம் ஒருமுறை பழைய சாக்குகள் வீட்டுக்குத் திரும்பி வரும்.

"அண்ணை, உது இறுகிப்போச்சு. விழுந்தால் நிலத்திலை விழுந்த மாதிரித்தான்," என்று முழங்காலால் அமத்திப் பார்த்துச் சொல்லுவாள் பாலேஸ்வரி.

"போன கிழமைதானே அடைச்சுத் தந்தனான். என்னடி, மாட்டையே கொண்டுபோய் விழுத்துறியள்?"

"இருபத்தினாலு பிள்ளையள். ஆளுக்கு நாற்பது தரம். அதுக்கு மேலை ஒருத்தியையும் விடுறேல்லை."

"நாற்பது எண்டால் நாற்பதோ? நாற்பத்தொண்டு பாய்ஞ்சால் என்ன, கால் கழண்டுபோமோ?"

"கழராது. ஆனால் களைச்ச கால் நிலத்தைப் பிழையாய்த் தொடும். விழுகிறது களைச்ச பிறகுதான் அண்ணை."

தியாகராசா சிரித்துக்கொண்டு சருகை உதறுவார். தங்கச்சி சொன்னால் அதில் ஒரு காரணம் இருக்கும் என்பது அவருடைய முடிவு. அந்த வீட்டில் படித்து உத்தியோகம் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

எண்பத்துமூன்றில் பாலேஸ்வரி தெற்கே ஒரு பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி படித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஜிம்னாஸ்ரிக்ஸ் பழக்கியவள் ஒரு ஜேர்மன்காரி. எந்த வித்தையையும் பத்துத் துண்டாக உடைத்து, ஒரு துண்டு உடம்பில் ஊறின பிறகே அடுத்ததைத் தொடவிடுவாள். படிப்பு முடிகிற நேரம் ஒரு பெரிய காட்சி செய்வதாக இருந்தது. பாலேஸ்வரி அதில் கடைசி ஆளாகப் பாய இருந்தாள். அதற்கு இரண்டு கிழமை இருக்கையில் ஆடிக் கலவரம் வந்தது. அகதி முகாமில் கிடந்து, சரக்குக் கப்பலில் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கியபோது அவள் கையில் இருந்தது ஒரு துணிப்பையும் அதற்குள் ஒரு கொப்பியும். ஜேர்மன்காரி சொன்னதெல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தது. செய்யாமல் போன காட்சியைப் பற்றி அவள் பிறகு யாரோடும் கதைத்ததில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் அவள் பிள்ளைகளைப் பழக்குவதைப் பார்த்தால் முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். மூன்று மாதம் வெறும் விழுகைதான். மேடைப் படியில் இருந்து குதித்து, முழங்காலை மடக்கி, சத்தம் வராமல் நிலத்தைத் தொட வேண்டும். அவள் மறுபக்கம் திரும்பி நின்று காதால் கேட்டுக்கொண்டிருப்பாள். 'தொம்' என்று கேட்டால் திரும்பாமலே, "ஆரது? முழங்கால் நிமிந்து கிடக்கு," என்பாள். பிறகு உருளல். பிறகு சுவரோடு கைகளில் நிற்பது. ஒருத்தி பாயும்போது இருபக்கமும் இரண்டு பேர் நின்று, குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பது போல இடுப்புக்குக் கை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை சோதனை. பெட்டைகள் வரிசையில் நின்று, ஒற்றைக்காலைத் தூக்கி, இடுப்பில் கை வைத்து, பின்பக்கமாக வளைய வேண்டும். பிறகு மற்றக் காலில். பாலேஸ்வரி ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்துக்கொண்டு போவாள். ஒருத்திக்கு அரை நிமிடம்கூடச் செல்லாது. தன் பின்னிடுப்பைத் தொட்டுக் காட்டிக் கேட்பாள்:

"ஆருக்கு நாரி நோகுது? ஒளிக்காமல் சொல்லுங்கோ. வளருற வயசிலை எலும்பு முந்தி ஓடும், தசை பிந்தித்தான் வரும். அந்த நேரம் நாரியிலை கிடக்கிற சின்ன எலும்பு, கம்பியை வளைச்சு வளைச்சு நிமித்தினால் வெடிக்கிற மாதிரி, சத்தமில்லாமல் வெடிக்கும். வெடிச்சால் வெளியிலை தெரியாது."

நோகுது என்று சொன்னவளுக்கு ஒரு மாதம் வளைவு இல்லை. ஆனால் அவள் வீட்டுக்குப் போகத் தேவையில்லை. விசில் அவளிடம் வரும்; எண்ணுகிற வேலையும் வரும். அதனால் பிள்ளைகள் பயப்படாமல் சொன்னார்கள்.

தியாகராசாவின் ஒரே பிள்ளை வதனி ஒன்பது வயதிலேயே அந்த வரிசையில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் மாமி, பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிட அவளுக்கு ஒருநாளும் தடுமாறியதில்லை. பின்பாய்ச்சல் என்று ஒன்று இருந்தது. நின்ற நிலையில் பின்னுக்கு எறிந்து, கையில் ஊன்றி, காலைச் சுழற்றி நிற்பது. அதைப் பழக அவளுக்குப் பதினாலு மாதம் சென்றது. முதலில் நாலு கை முட்டு, பிறகு இரண்டு, பிறகு பாலேஸ்வரியின் ஒரு விரல், பிறகு ஒன்றும் இல்லை. தொண்ணூற்றிரண்டு பிறந்தபோது வதனிக்குப் பதின்மூன்று வயது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பாய்ச்சல் பாய்ந்து, பூனை இறங்குகிற மாதிரிச் சத்தமில்லாமல் நிற்பாள். அதைப் பார்க்கிற நேரங்களில் பாலேஸ்வரி தன் கொப்பியை மறந்துவிடுவாள்.

அந்த வருடம் ஆடியில் குடாநாட்டுப் பள்ளிக்கூடங்களை எல்லாம் சேர்த்து ஒரு விளையாட்டு விழா நடத்துவதாகக் கடிதம் வந்தது. அதிபர் அருமைநாயகி பாலேஸ்வரியை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒரு காட்சி குடுக்க வேணுமாம். எங்களிட்டை பாண்ட் வாத்தியமும் இல்லை, ஒண்டுமில்லை. உம்மடை பிள்ளையள்தான் கிடக்கினம். ஏலாதெண்டால் சொல்லும், விடுவம். நான் கட்டாயப்படுத்தேல்லை."

"ஏலும் மிஸிஸ்," என்றாள் பாலேஸ்வரி. யோசிக்க ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "கடைசியாய் வதனி மூண்டு பாய்ச்சல் பாய்வாள்."

ஆனி மாதம் சோளகக் காற்றுப் பலமாக வீசியது. தோட்டத்தில் வாழை இலைகள் நார்நாராகக் கிழிந்தன. மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மிசின் கொட்டிலுக்குள் தூங்கியதால் தியாகராசா பழையபடி கிணற்றுத் துலாவில் இறைத்தார். விடியவே ஒரு ஆள் துலா மிதிக்க, அவர் தண்ணீர்ப் பட்டையைப் பிடிக்க, மனைவி சிவக்கொழுந்து பாத்தி மாறித் தண்ணீர் கட்டுவாள். சிவக்கொழுந்து அதிகம் கதைக்கிறவள் அல்ல. வேலைக்கு நடுவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பாலேஸ்வரிக்குக் குரக்கன் பிட்டையும் வாழைப்பூ வறையையும் கோப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் எதிரே குந்தினாள்.

"பாலேசு, உவள் வதனியை எப்பன் பார்."

"ஏன் மச்சாள்?"

"இந்த வருசம் ரெண்டுதரம் பாவாடை மடிப்பை அவிட்டுப்போட்டன். இனி அவிழ்க்க மடிப்பில்லை. அவ்வளவு கெதியிலை வளருறாள். நேற்று அடுப்பூத எண்டு குனிஞ்சவள், நிமிரேக்கை கையைத் துடையிலை ஊண்டித்தான் நிமிந்தவள். கிழவியள் நிமிருற மாதிரி."

"கேட்டனீங்களோ?"

"கேட்டன். ஒண்டுமில்லையாம். வாளி தூக்கினதாம். அவள் தூக்கினது அரைவாளி."

பாலேஸ்வரியின் வாயில் பிட்டு அப்படியே நின்றது. வளர்த்தி, குனிந்து நிமிர்தல், நாரி என்று கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்த விசயம். மச்சாள் ஒரு எழுத்தும் படிக்காமல் அதை ஒப்புவித்துக்கொண்டிருந்தாள்.

"வாற திங்கள் சோதனை இருக்குத்தானே மச்சாள். அதிலை வடிவாய்ப் பாக்கிறன்."

"பார். உனக்குத்தான் உதுகள் தெரியும்."

அந்தத் திங்கள் ஆடி பிறக்கிறதுக்கு முன்னால் வந்தது. விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பிள்ளைகள் வழக்கம்போல வரிசையில் வந்து நின்றார்கள். வதனி நடுவில் நின்றாள். பாலேஸ்வரி முதல் ஆளுக்கு முன்னால் போய் நின்றாள். நின்றவள், வரிசை நெடுகப் பார்த்தாள். அவள் கண் வதனியின் முகத்தில் போய் நின்றது. பிள்ளையும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்தால் என்ன தெரியவரும் என்பது பாலேஸ்வரிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துவிட்டால் பிறகு விடமுடியாது. வேறு ஒருத்தியும் மூன்று பாய்ச்சல் பாய மாட்டாள். விழா முடிந்த மறுநாள் பார்த்தால் என்ன? பன்னிரண்டு நாள்தானே. அடுத்த நாளே ஓய்வில் விட்டுவிடலாம்.

விசிலை எடுத்தாள்.

"இண்டைக்குச் சோதனைக்கு நேரமில்லை. ஓடுங்கோ, ஓடிச் சூடாக்குங்கோ."

விழா நாளில் மைதானத்தில் புழுதி பறந்தது. இருபத்தினாலு பிள்ளைகளும் சாயம் போட்ட நீலச் சட்டையோடு வந்தார்கள். தியாகராசா முதல்நாளே பன்னிரண்டு சாக்கையும் புதிதாக அடைத்து, இரண்டு நடை சைக்கிளில் கொண்டுபோய் விரித்து வைத்திருந்தார். சிவக்கொழுந்து வரவில்லை, தோட்டத்தில் இறைப்பு இருந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசியில் வதனி தனியாக நடந்து வந்து கையை உயர்த்தினாள். ஒரு பாய்ச்சல். இரண்டு. சனம் எழும்பி நின்றது. மூன்றாவதில் அவள் இறங்கியபோது பாலேஸ்வரி கண்ணால் பார்க்கவில்லை, பழக்கத்தில் காதைக் கொடுத்தாள். 'தொம்' என்று கேட்டது.

பிள்ளை விழவில்லை. நின்றாள். கையை மேலே தூக்கியபடி சிரித்துக்கொண்டு நின்றாள். கைதட்டல் முடிந்த பிறகும் கையை இறக்காமல் நின்றாள். தியாகராசா பக்கத்தில் நின்றவர்களிடம், "என்ரை மகள். அவவின்ரை மாமிதான் பழக்கினது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாலேஸ்வரி மைதானத்துக்குள் ஓடிப்போய்ப் பிள்ளையின் இடுப்பில் கைவைத்தாள். உடம்பு மரக்கட்டையாக இறுகியிருந்தது.

"மாமி, இறக்கினால் நோகும் போலை கிடக்கு," என்றாள் வதனி, சிரிப்பை விடாமல்.

அடுத்த நாள் காலை அவளால் பாயை விட்டு எழும்ப முடியவில்லை. இடது கால் விறைத்துக் கிடந்தது. அயலில் ஒருவரின் லொறி வாழைக்குலை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போக இருந்தது. குலைகளை ஒருபக்கம் ஒதுக்கி, விழாவுக்கு அடைத்த சாக்கையே விரித்து அவளைப் படுக்கவைத்துக்கொண்டு போனார்கள். எக்ஸ்றே படம் எடுக்கிற தாளுக்கு ஆஸ்பத்திரியில் தட்டுப்பாடு. செல் விழுந்து காயப்பட்டு வந்தவர்களுக்கென்று வைத்திருந்ததில் டொக்டர் இரண்டு தாள் தந்தார்.

டொக்டர் பொன்னம்பலம் நரைத்த மனிசன். படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளை, எப்ப தொடங்கினது நோ?"

வதனி தகப்பனைப் பார்த்தாள். "வருசப் பிறப்போடை."

"சித்திரையிலை! ஆரிட்டையும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"இஞ்சை பாருங்கோ," என்று அவர் தியாகராசாவுக்குக் காட்டினார். "நாரி எலும்பின்ரை ரெண்டு பக்கமும் வெடிப்பு. ஒரு பக்கம் பழசு, மற்றப்பக்கம் புதுசு. ரெண்டு பக்கமும் போனதாலை எலும்பு எப்பன் முன்னுக்கு நழுவிக் கிடக்கு. மாக்கட்டுப் போட்டுவிடுறன். மூண்டு மாதம் படுக்கை. பாரம் தூக்கக் கூடாது. உந்த விளையாட்டு இனி இல்லை."

"பிறகு சுகம் வந்திடுமோ ஐயா?"

"நடப்பா. படிப்பா. ஆனால் வாளி, குலை, கடகம் தூக்கிற வேலை உவவுக்கு இல்லை. பிள்ளை பெறுகிற நேரம் கவனம் வேணும்." படத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மாதம் முந்தி நிப்பாட்டியிருந்தால் ஒரு பக்கத்தோடை போயிருக்கும். தானாய் ஒட்டியிருக்கவும் கூடும்."

தியாகராசா திரும்பி, பின்னால் நின்ற தங்கச்சியின் தோளில் கைவைத்தார். "நீ அழாதை பாலேசு. உனக்கென்ன தெரியும்? அவள் சொன்னால்தானே தெரியும்."

அந்த வார்த்தையை அவர் அன்று மாத்திரம் சொல்லவில்லை. பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் சொன்னார். அந்த ஊரில் குற்றம் சொல்ல நாக்குகளுக்குப் பஞ்சமில்லை. பெட்டைப்பிள்ளையைக் கூத்தாடவிட்டு நாரியை முறிச்சுப்போட்டாள் என்று சந்தையிலும் கோயிலடியிலும் கதை அடிபட்டது. தியாகராசா ஒவ்வொருவருக்கும் நின்று நிதானமாக விளக்கினார். "தங்கச்சிக்குத் தெரியாது. பிள்ளை ஒளிச்சுப்போட்டுது. தெரிஞ்சிருந்தால் அவள் விடுவாளே? சோதனை வைச்சுப் பாத்துப் பாத்துத்தான் பழக்கினவள்." தேத்தண்ணி கொண்டுவரும் பாலேஸ்வரி அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

மாக்கட்டுக்குள் வேர்த்து வதனிக்குத் தோல் அரிக்கும். சிவக்கொழுந்து பனையோலை ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறிந்துவிடுவாள். குளிக்கவார்க்க முடியாத பிள்ளையை ஈரத்துணியால் துடைப்பாள். அவள் பாலேஸ்வரியைப் பார்த்து ஒரு சொல்லும் ஏசவில்லை. சாப்பாடு போட்டாள், கூப்பிட்டாள், கோப்பையைக் கழுவினாள். அந்த அமைதிதான் பாலேஸ்வரிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஆவணியில் ஒரு பின்நேரம் சிவக்கொழுந்து வாழைக்குட்டி பெயர்த்துக்கொண்டிருந்தாள். பாலேஸ்வரி போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

"மச்சாள், உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லு."

"நீங்கள் சொன்ன பிறகு வந்த திங்கள் நான் சோதனை செய்யேல்லை. நேரமில்லை எண்டு விட்டனான். நேரம் இருந்தது."

குட்டியை நெம்பிய அலவாங்கு மண்ணுக்குள் நின்றது.

"செய்தால் அவளை விட ஏலாது எண்டு எனக்குத் தெரியும். அதாலைதான் செய்யேல்லை."

சிவக்கொழுந்து நிமிரவில்லை. கையில் இருந்த வாழைக்குட்டியின் வேர்மண்ணை நெடுநேரம் உதறினாள். உதற மண் இல்லாமல் போன பிறகும் உதறினாள்.

"நான் அண்டைக்கே யோசிச்சனான்," என்றாள் கடைசியில். "உனக்குத் தெரியாமல் போக வழியில்லையெண்டு. நான்தானே சொன்னனான்."

"அண்ணைக்கு இண்டைக்குச் சொல்லப்போறன்."

இப்போது சிவக்கொழுந்து நிமிர்ந்தாள். முகம் சிவந்து கிடந்தது. "சொல்லாதை."

"மச்சாள்..."

"சொல்லாதை எண்டுறன். அந்த மனிசன் ஊரெல்லாம் உன்னைக் காவிக்கொண்டு திரியுது. ஒரே ஒரு பிள்ளை. அதுக்கு உப்பிடி வந்ததுக்குப் பிறகும் அவர் இருந்து எழும்பிறது, தங்கச்சி வேணுமெண்டு செய்யேல்லை எண்ட ஒரு நினைப்பிலை. அதையும் பறிச்சுப்போட்டு, நீ மனப்பாரம் இறக்கிப்போட்டுக் கிடக்கலாமெண்டு பாக்காதை. வைச்சிரு. உன்னட்டையே கிடக்கட்டும்."

அலவாங்கைப் பிடுங்கி அடுத்த கிடங்கைக் குத்தத் தொடங்கினாள்.

மாக்கட்டு வெட்டிய நாள் ஐப்பசி மழை. வதனி சுவரைப் பிடித்து நடந்து பழகினாள். வளர்ந்திருந்தாள், ஆனால் முன்பிருந்த நிமிர்வு போய், ஒரு பக்கம் பார்த்து அடியெடுத்து வைத்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்த பாலேஸ்வரி கேட்டாள்:

"ஏனடி பிள்ளை, என்னட்டை ஒருசொல்லுச் சொல்லேல்லை நீ?"

வதனி தாழ்வாரத்தில் விழுந்த மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்திரையிலை எப்பன் நொந்தது, சொல்லேல்லை. ஆனியிலை நல்லாய் நொந்தது, பல்லைக் கடிச்சன். விழாவுக்கு முந்தின சோதனைத் திங்கள் சொல்லுறது எண்டுதான் மாமி வந்தனான். வரிசையிலை நிண்டு உங்களைப் பாத்தன். நீங்களும் என்னைப் பாத்தியள்."

"ஓம்."

"பேந்து நேரமில்லை எண்டு விசில் ஊதினீங்கள். எனக்கு அப்ப சரியான சந்தோசம். மாமிக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் விடுறா, அப்பிடியெண்டால் பெரிசாய் ஒண்டும் இருக்காது எண்டு நினைச்சன். உங்களுக்குத் தெரிஞ்சால் பயமில்லைத்தானே."

பாலேஸ்வரியின் கையில் பின்னல் பாதியில் நின்றது. வதனி அவளைக் குற்றம் சாட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். பாலேஸ்வரி மிச்சப் பின்னலையும் பின்னி முடித்தாள்.

பாலேஸ்வரி வேலையை விடவில்லை. விட்டிருந்தால் லேசாக இருந்திருக்கும். பின்பாய்ச்சலை மாத்திரம் நிறுத்திவிட்டு, விழுகையும் உருளலும் சமநிலையும் பழக்கினாள். சனமும் மெல்ல மெல்ல மறந்தது. எல்லோர் வீட்டிலும் அதைவிடப் பெரிய இழவுகள் விழுந்துகொண்டிருந்தன.

தொண்ணூற்றிநாலு மாசியில் மரியரட்ணம் வந்து கேட்டான். அவன் குருநகர்க் கடற்தொழிலாளி. குண்டுவீச்சில் வீடும் வள்ளமும் போய், குடும்பத்தோடு நீர்வேலிக்கு இடம்பெயர்ந்து வந்து, தியாகராசாவின் காணி மூலையில் கொட்டில் போட்டிருந்தான். கடலைத் தவிர வேறொன்றும் அறியாதவன், அந்த ஒரு வருடத்துக்குள் வாழைக்குத் தண்ணி கட்டவும் சருகு வெட்டவும் பழகிவிட்டான். அன்று இறைப்பு முடிந்து தியாகராசாவும் பாலேஸ்வரியும் அவனும் கிணற்றடி மர நிழலில் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். சிவக்கொழுந்து சற்றுத் தள்ளி மரவள்ளி தோல் உரித்துக்கொண்டிருந்தாள். வதனி கதிரையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், என்ரை மூத்தவள் கத்தரீனா உங்கடை விளையாட்டிலை சேரப்போறன் எண்டு நிக்கிறாள். பதினொரு வயசு. மனிசி வேண்டாமாம். வதனிப் பிள்ளைக்கு நடந்ததைக் கேள்விப்பட்டுப் பயப்பிடுறா. நான் உங்களிட்டை நேரை கேப்பம் எண்டு வந்தன். விடலாமோ?"

பாலேஸ்வரி வாய் திறக்கிறதுக்கு முன்னால் தியாகராசா முந்திக்கொண்டார். எத்தனையோ பேருக்குச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை.

"பயப்பிடாமல் விடு மரியரட்ணம். எங்கடை பிள்ளை நோவை ஒளிச்சதாலை வந்த வினை அது. தங்கச்சிக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் விடுவாளே?" தங்கச்சியின் பக்கம் திரும்பினார். "என்ன பாலேசு, தெரிஞ்சால் விடுவியே?"

வழக்கமாக அவள் தலையைக் குனிந்துகொள்ளுவாள். அது போதுமாக இருந்தது. இன்று எதிரே ஒரு தகப்பன் பதிலுக்குக் காத்திருந்தான். ஒரு சொல்லை நம்பிப் பிள்ளையைத் தர வந்தவன். உரித்த மரவள்ளியோடு சிவக்கொழுந்தின் கை நின்றதை அவள் கண்டாள். வதனி புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள்.

"தெரியும் அண்ணை," என்றாள் பாலேஸ்வரி.

"என்ன?"

"எனக்குத் தெரியும். மச்சாள் எனக்குச் சொன்னவ. அதுக்குப் பிறகு சோதனை செய்யாமல் விட்டனான். விழா முடியட்டும் எண்டு விட்டனான்." அவள் குரல் நடுங்கவில்லை, அதுவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. மரியரட்ணத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பிள்ளையை விடுங்கோ. நான் படிப்படியாய்ப் பழக்குவன், அது எனக்குத் தெரியும். ஆனால் நோகுது எண்டு அவள் சொன்னால் நான் சொல்லுறதைக் கேக்காதையுங்கோ. நீங்களே கையிலை பிடிச்சு வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ."

மரியரட்ணம் கோப்பையை நிலத்தில் வைத்தான். தியாகராசாவைப் பார்த்தான். தியாகராசா மனைவியைப் பார்த்தார். அவள் மறுக்கவில்லை. மகளைப் பார்த்தார். அவளும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் தெரிந்திருந்த ஒன்று தனக்கு மாத்திரம் தெரியாமல் இருந்திருக்கிறது என்பது அந்த மனிதனுக்கு அப்போதுதான் விளங்கியது. எழும்பினார். மிச்சத் தேத்தண்ணியை வாழையடியில் ஊற்றினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்துபோயிருந்த தோட்டத்துக்குள் திரும்பவும் இறங்கிப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை கத்தரீனா வந்தாள். மரியரட்ணமும் கூட வந்து, சோதனை முடியும்வரை மண்டபத்து வாசலில் நின்றான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் வந்து நின்றான்.

தியாகராசா தங்கச்சியை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஏசவும் இல்லை. ஒரு மாதம் போல முகம் பாராமல் திரிந்து, பிறகு பழையபடி மழையைப் பற்றியும் குலை விலையைப் பற்றியும் அவளோடு கதைத்தார். சருகும் காயவைத்தார், சாக்கும் மூட்டிக் கொடுத்தார். வருகிறவர்கள் வதனியின் நடையைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்பார்கள். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டு, "விளையாட்டிலை வந்தது," என்று மாத்திரம் சொல்லுவார்.